ஆட்கொணர்வு மனுவும் கன்னாவின் மறுப்பும்

சட்டச் சொற்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது 'ஆட்கொணர்வு மனு'. பிடித்து அடைத்த ஆளை முன்னே கொண்டுவந்து நிறுத்தி, எந்தச் சட்டத்தின்படி அடைத்தாய் என்பதைச் சொல் என அரசைக் கேட்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு என்பதை அந்தச் சொல்லே உணர்த்திவிடுகிறது. ஆனால், அந்தக் கேள்வியைக் கேட்க இயலாது என்று உச்ச நீதிமன்றமே 1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பளித்தது.

1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும், அரசியலமைப்பின் 14 (சட்டத்தின் முன் சமத்துவம்), 21 (உயிர், சுதந்திரம்), 22 (கைதுக்கு எதிரான பாதுகாப்பு) ஆகிய பிரிவுகள் தரும் உரிமைகளுக்காக நீதிமன்றத்தை நாடும் வழி குடியரசுத் தலைவரின் ஆணையால் அடைக்கப்பட்டது. அப்படியிருந்தும், விசாரணையின்றி அடைத்துவைக்க இடம்தந்த மிசா சட்டத்தில் கைதானவர்களின் மனுக்களை விசாரிக்கலாம் என்று 9 உயர் நீதிமன்றங்கள் கூறின. அரசு மேல்முறையீடு செய்தது. சொந்தப் பகைக்காக ஒரு காவல் அதிகாரி ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் கிடையாதா என்று நீதிபதி ஹெச்.ஆர். கன்னா கேட்டபோது, நெருக்கடி நிலை நீடிக்கும்வரை கிடையாது என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே பதிலளித்தார்.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் நின்றார்கள் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. கன்னா மட்டும் மறுத்தார். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் 21ஆம் பிரிவு மட்டுமே உறைவிடம் அன்று, அப்பிரிவு இல்லாவிட்டாலும் சட்டத்தின் அனுமதியின்றி ஒருவரின் உயிரைப் பறிக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்று அவர் எழுதினார். இது ஏட்டளவிலான விவாதம் அன்று. தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன்புதான் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் அடித்துத் துன்புறுத்தப்பட்டிருந்தார்கள்.

1977 ஜனவரியில் மூத்தவரான கன்னாவைத் தாண்டி எம்.ஹெச். பெக் தலைமை நீதிபதியாக்கப்பட, கன்னா பதவி விலகினார். 20, 21ஆம் பிரிவுகளை எந்த நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாதபடி 44ஆவது திருத்தம் 1978இல் வந்தது. அந்த 1976 தீர்ப்பையே தவறானது என்று 2017இல் தனியுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது. அதை எழுதிய டி.ஒய். சந்திரசூட், அன்றைய நால்வரில் ஒருவரின் மகன்.

கன்னாவைப் போற்றும் பலரும் அந்த 9 உயர் நீதிமன்றங்களை மறந்துவிடுவதுதான் என் மனக்குறை. அரசைக் கேள்வி கேட்டதற்கான விலையை அவர்களும் கொடுத்தார்கள். பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரின் கைது வழக்கைத் தில்லியில் விசாரித்த நீதிபதி ரங்கராஜன், குவாஹாத்திக்கு மாற்றப்பட்டார்.