போஸ்டரையும் ஒரு வகுப்பாக நினைத்தால்

எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் போஸ்டர் போட்டியில் இந்த முறை 'உள்ளடக்கிய கற்பித்தல்' என்ற பிரிவும் இருந்தது. விரிவுரைக் காணொளிகளுக்கு சப்டைட்டில் போடுவது, குறிப்புகளை முன்கூட்டியே கொடுப்பது என்று என் வகுப்பில் சில விஷயங்களைச் செய்து வருகிறேன். அதையே எழுதி அனுப்பினேன். ஆய்வுச் சுருக்கம் தேர்வானது. அதுவரை எல்லாம் வழக்கமான நடைமுறைதான்.

வடிவமைக்க உட்கார்ந்தபோதுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. பார்வை குறைந்த மாணவர்களுக்கு என்ன செய்கிறோம் என்பதைப் பொடி எழுத்தில் அச்சடித்து ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. ஒரே விஷயத்தைப் பல வழிகளில் கொடுக்க வேண்டும் என்பது 'கற்றலுக்கான அனைவர்க்குமான வடிவமைப்பு' என்ற அணுகுமுறையின் அடிப்படை. வகுப்பில் அதைச் சொல்லிவிட்டு, போஸ்டரில் விட்டுவிட முடியாதல்லவா?

ஏ0 தாள் 841 × 1189 மில்லிமீட்டர். பார்த்தால் மைதானம் போலத் தெரியும், எழுத ஆரம்பித்தால் இடமே போதாது. உள்ளே வரும் எழுத்து 24 பாயிண்டுக்குக் குறையக் கூடாது என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் 32 வைத்தேன். அதற்காகப் பாதி வாசகத்தை வெட்ட வேண்டியிருந்தது. ஆய்வு முறை பற்றிய பகுதி மூன்று வரியில் அடங்கியது. படிக்க அதுவே நன்றாகவும் இருந்தது.

அப்புறம் நிறம். இணையப் பக்கங்களை எல்லோரும் அணுகும்படி அமைப்பதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) விதிகள், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு கேட்கின்றன. பெரிய எழுத்துக்கு 3:1 போதும். தாளுக்கும் அதையே அளவுகோலாக எடுத்துக்கொண்டேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்காக, வரைபடத்தில் அந்த நிறக் கோடுகளைத் தவிர்த்து நீலமும் ஆரஞ்சும் போட்டு, ஒன்றைப் புள்ளிக்கோடாக்கி, கோட்டின் முனையிலேயே பெயரை எழுதினேன். கியூஆர் கோடு சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டும் உயரத்தில் வந்தது. அதை ஸ்கேன் செய்தால், திரைவாசிப்பான் (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) படிக்கக்கூடிய முழு எழுத்துப் பிரதி திறக்கும்.

போட்டியன்று பார்வையற்ற ஆய்வு மாணவர் ஒருவர் வந்தார். எழுத்துப் பிரதியை போனில் கேட்டு முடித்துவிட்டு, "படத்தை நீங்களே சொல்லுங்க சார்" என்றார்.

"இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் ஆரம்பிக்குது. பாதிப் பருவத்துக்கு அப்புறம் சப்டைட்டிலோடு பார்த்தவங்க கோடு ஏறிக்கிட்டே போகுது, மற்றது அப்படியே படுத்துடுது."

"ஏறுதுன்னா எவ்வளவு? படத்தோட செங்குத்து அச்சு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்குதா?"

பூஜ்யத்திலிருந்துதான். ஆனால் அதுவரை படத்தைக் கண்ணால் பார்த்த ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை, நடுவர்கள் உட்பட. அவருக்காக அளவுகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். பக்கத்தில் நின்றிருந்தவர்களும் அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தார்கள்.

எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது, மகிழ்ச்சிதான். ஆனால் மதிப்பெண் தாளில் உள்ளடக்கம், வடிவமைப்பு, விளக்கம் என்றுதான் இருந்ததே தவிர, எல்லோராலும் அணுக முடிகிறதா என்பதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை. உள்ளடக்கிய கற்பித்தல் பிரிவிலேயே இப்படி என்பது எனக்கு வருத்தம். ஏற்பாட்டுக் குழுவுக்கு எழுதினேன். அடுத்த முறையிலிருந்து போஸ்டரோடு எழுத்துப் பிரதியும் கட்டாயம் என்று ஒத்துக்கொண்டார்கள். மதிப்பெண் விஷயத்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.