கறுப்புக்குள் இருக்கும் நிறங்கள்

ஓவிய நூல்களை அச்சுக்கு அனுப்புமுன் நிறத்திருத்தம் பார்ப்பது என் பணி. அதில் என் கண்களை மிகுதியாகப் பழக்கியவை கெர்ரி ஜேம்ஸ் மார்ஷலின் ஓவியங்கள். 1955இல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வளர்ந்த இந்தக் கறுப்பின ஓவியர், தம் மனிதர்களை மாநிறமாக்காமல் முழுக் கறுப்பாகவே தீட்டுகிறார்.

அந்தக் கறுப்பு ஒன்றல்ல. ஐவரி, கார்பன், மார்ஸ் என்னும் மூன்று கறுப்புச் சாயங்களில் நீலம், பச்சை, ஊதா ஆகியவற்றைக் கலந்து அவர் தீட்டுவதால், ஓவியத்தின் எதிரில் நிற்பவருக்குக் கன்னமும் கழுத்தும் தனித்தனியே தெரியும். அச்சில் நமக்கு இருப்பவை நான்கு மைகளே. தாள் தாங்கும் அளவைத் தாண்டினால் மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டிக்கொள்ளும். குறைத்தால் முகம் தட்டையாகிவிடும். நிழல்களை வெளுக்கச் செய்யும் மென்பொருளின் தானியங்கித் திருத்தத்தை இவருடைய படங்களில் நான் தொடுவதே இல்லை, ஏனெனில் அது தெளிவு என்ற பெயரில் கறுப்பைச் சாம்பலாக்கி, அவர் சொல்ல வந்ததையே அழித்துவிடுகிறது. புகைப்படக் கூடங்களில் தோல்நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் நெடுங்காலம் அனுப்பிவந்த மாதிரி அட்டைகளில் இருந்தவர்கள் வெள்ளைப் பெண்கள் என்பதை நினைத்தால், எங்கள் தொழிலின் அளவுகோல்கள் யாரை மனத்தில் வைத்து உருவாயின என்பது விளங்கும்.

1980இல் அவர் முட்டைக்கரு கலந்த வண்ணத்தால் தாளில் தீட்டிய சிறிய படத்தில், கறும்பின்னணியில் கறுப்பு மனிதன் ஒருவன் கண்ணும் பல்லும் வெளுக்கச் சிரிக்கிறான். அமெரிக்கா கறுப்பர்களைக் கண்டும் காணாதிருந்த வரலாறு அந்த நெருக்கமான இரு கறுப்புகளின் இடைவெளியில் இருப்பதால், அதை அச்சில் காப்பது எனக்கு ஓர் அரசியல் பொறுப்பாகவே படுகிறது.

2012இல் வரைந்த பெரிய அழகுநிலைய ஓவியத்தின் சிக்கல் வேறு. ஜெர்மானிய ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைன் 1533இல் தம் ஓவியமொன்றில் இரு தூதர்களின் முன் கோணலாக இழுத்து வரைந்த மண்டையோட்டின் இடத்தில், மார்ஷல் பொன்னிறக் கூந்தல் கொண்ட தேவதைக்கதை இளவரசியின் தலையை அதேபோல் கோணலாக வைத்திருக்கிறார். மஞ்சள் மை சற்றே கூடினாலும் அந்தத் தலை பக்கம் முழுவதையும் ஆண்டுவிடும். சுற்றியிருக்கும் கறுப்புப் பெண்களோ அதைப் பொருட்படுத்தாமல் தம் அழகில் திளைக்கிறார்கள். ஆகவே அந்தப் பக்கத்தில் பெண்களின் தோலை முதலில் சரிசெய்து முடித்த பிறகே மஞ்சளுக்கு வருகிறேன்.