சத்து மாத்திரை விழுங்கிவிட்டு பி12 டெஸ்ட் எடுத்த கதை

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காலில் மதமதப்பு வந்தால் முதலில் வைட்டமின் பி12 டெஸ்டுக்கு ரத்தம் கொடுங்கள், சத்து மாத்திரை அப்புறம். நான் தலைகீழாகச் செய்து மூன்று மாதத்தைத் தொலைத்தேன்.

எனக்குப் பதினோரு வருஷமாக மெட்ஃபார்மின். கூடவே நெஞ்செரிச்சலுக்கு பான்டப்ரசோல். யார் எழுதிக் கொடுத்தார்கள் என்பதே மறந்துபோய், பால் பாக்கெட் மாதிரி மாதாமாதம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. சைவம் வேறு. போன வருஷம் எச்பிஏ1சி, அதாவது சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்து மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் டெஸ்ட், 7.9 வந்தது. வீட்டு மீட்டரில் வெறும் வயிற்றில் 125, சாப்பிட்ட பின் 165 என்றுதானே காட்டுகிறது என்று கேட்டேன். "அந்த மீட்டரையெல்லாம் நம்பாதீங்க" என்று மெட்ஃபார்மினை 1000 மில்லிகிராமிலிருந்து 2000 ஆக்கிவிட்டார் டாக்டர்.

சில மாதத்தில் கால் எரிச்சல், மதமதப்பு. ஒருநாள் கடைத்தெருவில் செருப்பு கழன்று கிடக்க, அது தெரியாமல் நாலடி நடந்துபோயிருக்கிறேன். "சுகர் நரம்பைத் தொட்டுடுச்சு" என்றார் அதே டாக்டர். மருந்துக்கடைத் தம்பி "நரம்புக்கு நல்லதுண்ணே" என்று ஒரு சிவப்பு கேப்ஸ்யூல் கொடுத்தான். பத்து நாள் விழுங்கிய பிறகு, பி12 குறைந்தாலும் நரம்பு இப்படி மரக்கும் என்று மச்சான் சொன்னதால் பி12 டெஸ்ட். வந்த ரிசல்ட், 2000-க்கு மேல். "பி12 வழிஞ்சு ஓடுது, அது பிரச்சினையே இல்ல" என்று டாக்டர் பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டார். வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சத்து மாத்திரையை யார் மருந்துக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

எரிச்சல் தாங்காமல் வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் முதலில் சொன்னதே, "வீட்ல இருக்கிற எல்லா அட்டையையும் பையில போட்டுக் கொண்டு வாங்க." சிவப்பு அட்டையின் பின்பக்கத்தைப் படித்தார், மெக்கோபாலமின் 1500 மைக்ரோகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை இரண்டு மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். "இதை முழுங்கிட்டு டெஸ்ட் எடுத்தா ரத்தத்துல மாத்திரைதான் தெரியும், பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்கா?"

இருந்தது. பீரோவில், வீட்டுக்கடன் காகிதங்களுக்கு நடுவே, முந்தின வருஷத்து ஆபீஸ் செக்கப். பி12 வெறும் 142. சர்க்கரை, கொழுப்பு இரண்டு வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்தவன் நான்தான்.

மெட்ஃபார்மின் குடலில் பி12 சேர்வதைக் குறைக்கும். பான்டப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் அதுவும் தன் பங்குக்குக் குறைக்கும். கல்லீரலில் இருப்பு இருப்பதால் வெளியே தெரிய வருஷங்கள் ஆகும். இங்கிலாந்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் இதை மெட்ஃபார்மினின் பரவலான பக்கவிளைவு என்றே அறிவித்திருக்கிறது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அடுத்த விஷயம்தான். பி12 குறைந்தால் புதுச் சிவப்பணுக்கள் உருவாவது மந்தமாகும், பழசு அதிக நாள் சர்க்கரையில் ஊறும், எச்பிஏ1சி இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதாவது மெட்ஃபார்மினால் பி12 குறைந்து, அதனால் ஏறிய எண்ணைப் பார்த்து மெட்ஃபார்மினையே இரண்டு மடங்கு ஆக்கியிருக்கக்கூடும்!

என் மீட்டரை லேபுக்கே கொண்டுபோய், அங்கே ரத்தம் எடுக்கும்போதே விரலிலும் குத்திப் பார்க்கச் சொன்னார் புது டாக்டர். லேப் 131, மீட்டர் 127. பழைய டாக்டரிடம் காட்ட வேண்டும் போலிருந்தது. மெட்ஃபார்மின் பழைய அளவுக்கே இறங்கியது, பான்டப்ரசோலைப் புது டாக்டரே நிறுத்தினார். பி12 ஊசி முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று.

மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி 6.4. வீட்டில் கேசரி கிண்டினாள். டாக்டர் சிரித்துக்கொண்டே, "இதையும் நம்பாதீங்க, ஊசிக்கு அப்புறம் வந்த புது அணு நிறைய இருக்கு, அதெல்லாம் இன்னும் சர்க்கரையில ஊறல, குறைச்சுத்தான் காட்டும்" என்றார். கேசரிக்குப் பின் மீட்டர் காட்டியது 214.

எரிச்சல் பெரும்பாலும் போய்விட்டது. இடது கால் கட்டைவிரல் மட்டும் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, திரும்ப வரும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.