தாயத்தைக் கழற்றி வைத்த ஒரு மணி நேரம்

பிளஸ் டூ முடித்த கோடையில் எனக்கு முதல் தடவை மேனியா வந்தது. நாலு ராத்திரி தூங்கவில்லை, களைப்பும் இல்லை. அப்பாவின் ஏடிஎம் கார்டை எடுத்துப் போய் ஒரே நாளில் மூன்று கிடார் வாங்கினேன். எனக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. மருத்துவமனையில் சேர்த்தபோது எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ரிப்போர்ட் நார்மல். "பாத்தீங்களா, பையனுக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் நீங்க குடுத்த செல்லம்" என்றார் சித்தப்பா. கட்டி, வீக்கம் மாதிரி வேறு காரணம் இல்லையென்று உறுதி செய்யத்தான் அந்த ஸ்கேன், மனம் ஒரு சமயம் மேனியாவில் எகிறி, இன்னொரு சமயம் சோர்வில் விழும் பைபோலார் நோயைக் கண்டுபிடிக்க அல்ல. அது அவருக்குத் தெரியாது. அப்போது எனக்கும் தெரியாது.

இரண்டு வருடம் போனது. பைபோலாருக்கு நான் சாப்பிடும் மாத்திரையான லித்தியம் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும் என்பதால் காலையிலேயே போய் உட்கார வேண்டும். இளம் வயதில் பைபோலார் வந்தவர்களை வைத்து ஒரு மூளை ஆய்வு நடக்கிறது, வருகிறாயா என்று டாக்டர் கேட்டார். உடனே சரி என்றேன். அறிவியலுக்குத் தொண்டு என்றெல்லாம் சொன்னால் பொய். இந்தத் தடவையாவது படத்தில் ஏதாவது தெரியும், சித்தப்பா முகத்துக்கு நேரே நீட்டலாம், அவ்வளவுதான்.

ஒப்புதல் படிவத்தில் "உங்கள் சிகிச்சைக்கு இதனால் நேரடிப் பலன் இல்லை" என்று ஒரு வரி. ஆராய்ச்சி மாணவி அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். நான் காதில் வாங்கிக்கொள்ளாமல் கையெழுத்துப் போட்டேன்.

சிக்கல் அரைஞாண் கயிற்றில் வந்தது. மேனியா வந்த மாதம் அம்மா கட்டிவிட்ட தாயத்து அதில் இருந்தது. "ஒரு நிமிஷம்கூடக் கழட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க தம்பி. செம்புதான, காந்தம் இழுக்காதே?" என்று டெக்னீஷியனிடமே வாதாடினார். "இழுக்காதும்மா, ஆனா சூடாகும், படமும் கெட்டுப்போகும். உள்ள இரும்பு கிரும்பு இருந்தா அது வேற" என்றார் அவர். 3 டெஸ்லா காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 60,000 மடங்கு. அம்மா தாயத்தை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.

உள்ளே காதில் பஞ்சு அடைப்பான், தலைக்கு மேல் கூண்டு, அதில் ஒரு கண்ணாடி. முதலில் மூளையின் வடிவத்தை எடுத்தார்கள். பக்கத்தில் போர்வெல் போடுவது மாதிரி சத்தம். அசையவே கூடாது. அப்புறம் கண்ணாடியில் முகங்கள் வந்தன: பயந்த முகம், கோப முகம், வெறும் முகம். ஆணா பெண்ணா என்று பொத்தானை அழுத்த வேண்டும். அவர்கள் பார்ப்பது பதிலை அல்ல, பயந்த முகத்தைப் பார்க்கும்போது அமிக்டலா என்ற, பயம் போன்ற உணர்ச்சிகளைக் கவனிக்கும் மூளைப் பகுதி எவ்வளவு துள்ளுகிறது என்பதை. லித்தியத்தால் என் விரல்கள் லேசாக நடுங்கும். ஒரு முகத்துக்கு இரண்டு தடவை அழுத்திவிட்டேனோ என்ற கவலையிலேயே பாதி நேரம் போனது.

வெளியே வந்ததும் கேட்டேன், "என் மூளையில என்ன தெரியுது?" திரையில் பக்கவாட்டில் என் மூக்கும் உதடும் தெரிந்தன. மாணவி பொறுமையாகச் சொன்னார்: பைபோலார் உள்ளவர்களின் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளி அடுக்கு, சில இடங்களில் சராசரியாகக் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. எனிக்மா என்ற பன்னாட்டுக் குழு 2018இல் 6,503 பேரின் படங்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னது அது. லித்தியம் சாப்பிடுபவர்களிடம் புறணி தடிமனாகவே இருந்ததாம். இளம் வயதினரிடம் அமிக்டலா சற்றுச் சிறிதாக இருப்பதாகவும் ஆய்வுகள் உண்டு. "ஆனா ரெண்டு செக்‌ஷனோட சராசரி மார்க்குல ரெண்டு மார்க் வித்தியாசம்னு வச்சுக்கோங்க. 71 வாங்கின பையன் எந்த செக்‌ஷன்னு சொல்ல முடியுமா?"

முடியாது. நான் 71 வாங்கிய பையன். சித்தப்பாவிடம் நீட்ட ஒன்றுமில்லை. கோபம் வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது.

வெளியே அம்மா முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்தபடி அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று கேட்கவில்லை. "திரும்பி நில்லு" என்று சட்டையைத் தூக்கித் தாயத்தைக் கட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி மாத்திரையையும் அவரே எடுத்து வந்து, தண்ணீர் டம்ளரோடு பக்கத்தில் நின்றார்.