தம்ஸ் அப் போட்டால் பார்த்ததாகக் கணக்கா?

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எனக்கு ‘ஹெல்த் மினிஸ்டர்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. முதலுதவி, டெங்கு, மாரடைப்பு, மன அழுத்தம், புயல் முன்னெச்சரிக்கை என்று எந்த வீடியோ கண்ணில் பட்டாலும் உடனே தூக்கிக் குழுவில் போட்டுவிடுவேன். காலையில் போட்டால் மதியத்துக்குள் பத்துப் பன்னிரண்டு தம்ஸ் அப் விழும். சித்தப்பா மட்டும் ‘அருமையான பதிவு’ என்று டைப் பண்ணுவார். நானும் ஏதோ சாதித்துவிட்ட மாதிரி ஆபீஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

இந்தப் பொங்கலுக்குத் திருத்துறைப்பூண்டி போனபோது அந்த நினைப்பு போயே போய்விட்டது.

போகி அன்று காலை, குளிக்கிறதுக்கு வெந்நீர் தூக்கிக்கொண்டு போன அம்மா மேல் அக்காவின் பையன் ஓடிவந்து மோதிவிட்டான். ஐந்து வயது. முழங்கைக்குக் கீழே கொட்டிவிட்டது. அவன் போட்ட சத்தத்தில் வீடே முற்றத்துக்கு வந்துவிட்டது. அம்மா பேஸ்ட் தேடுகிறார், சித்தப்பா ‘இட்லி மாவை அப்புங்க’ என்கிறார், அப்பா பேனா இங்க் இருக்கிறதா என்று அலமாரியைத் திறக்கிறார். 2026 வருஷத்தில் எந்த வீட்டில் இங்க் இருக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. இவர்கள் எல்லோருக்கும் தீக்காய வீடியோவை நான் அனுப்பியிருக்கிறேன், மூன்று பேரும் தம்ஸ் அப் போட்டிருக்கிறார்கள். சரி, அவர்களை விடுங்கள். ஹெல்த் மினிஸ்டர் என்ன செய்துகொண்டிருந்தார்? ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் ட்ரேயைத் தட்டிக்கொண்டிருந்தார்.

எட்டாவது படிக்கும் அக்கா மகள்தான் ‘மாமா, ஐஸ் வைக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டு, தம்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைக் குழாயடியில் உட்கார வைத்தாள். முதல் வேலையாக அவன் கையில் கிடந்த வெள்ளிக் காப்பைக் கழற்றினாள், கை வீங்கினால் அப்புறம் கழற்ற முடியாதாம். குழாயைத் திறந்துவிட்டு, ‘யாராவது இருபது நிமிஷம் டைமர் வைங்க’ என்றாள்.

இருபது நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீடியோவில் அது ஒரு எண், திரையின் மூலையில் வந்து போய்விடும். குழாயடியில் நாலாவது நிமிடமே பையன் திமிற ஆரம்பித்துவிட்டான். ஏழாவது நிமிடத்தில் தண்ணீர் நூலாக வந்தது, அப்பா ஓடிப்போய் மோட்டார் போட்டார், அதுவரை வாளித் தண்ணீரை மொண்டு மொண்டு நான் ஊற்றினேன். பத்து ஆனதும் ‘போதும்டி, குழந்தைக்குச் சளி பிடிக்கும்’ என்றார் அம்மா. அவள் அசையவில்லை. அப்புறம் ஒரு சுத்தமான வெள்ளை வேட்டித் துண்டைத் தளர்வாகச் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

இதெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ஜே.ஆர்.சி. அதாவது ஜூனியர் ரெட் கிராஸ். அங்கே ஒரு பையனைக் காயம்பட்டவனாக உட்கார வைத்துச் செய்து காட்டச் சொன்னார்களாம். அவள் எந்த வீடியோவும் பார்த்ததில்லை.

அன்று ராத்திரி, நான் அனுப்பிய அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். எட்டு நிமிடம் ஓடுகிறது. முதல் ஒன்றரை நிமிடம் மியூசிக், சேனல் அறிமுகம், மணி பட்டனை அமுக்குங்கள். பிறகு வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் ஒருவர் புத்தக அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து முதல்நிலை, இரண்டாம்நிலை, மூன்றாம்நிலைத் தீக்காயம் என்று விளக்குகிறார். சொன்னதில் ஒரு தப்பு கிடையாது. ஆனால் எட்டு நிமிடத்தில் ஒரு இடத்தில்கூடக் குழாய் வரவில்லை! ஒரு குழாய், ஒரு கை, ஓடும் தண்ணீர், இதை முப்பது விநாடி காட்டியிருந்தால் என் புத்தி ஐஸுக்குப் போயிருக்காது என்று நினைக்கிறேன். அப்படிக் காட்டியிருந்தாலும் போயிருக்குமோ என்னவோ. பார்ப்பதற்கும் கை போவதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது.

சிபிஆரும், அதாவது இதயம் நின்றுபோனவரின் நெஞ்சை அமுக்கும் முதலுதவியும், இதே கதைதான். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அமுக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். போன வருஷம் ஆபீஸில் ஒரு சனிக்கிழமை பொம்மையை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். சரியான ஆழத்துக்குப் போனால் பொம்மை ‘டிக்’ என்று சத்தம் போடும். என் முதல் இருபது அமுக்கலில் நாலு டிக்தான் வந்தது. முழங்கையை மடக்காமல் உடம்பு பாரத்தை இறக்க வேண்டும் என்று பயிற்சியாளர் என் முதுகைத் தள்ளிய பிறகுதான் சரியாக வந்தது, வந்த ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்கியது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள் என்று ஏன் சொல்கிறார்கள் என்று என் தோள்பட்டைக்குப் புரிந்துவிட்டது.

எண்ணுவதில் இன்னொரு சிக்கல். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று போனால் தாளம் சரியாக இருக்கிறது. பத்தைத் தாண்டி ‘பதினொண்ணு’, ‘இருபத்தேழு’ என்று வந்தால் வார்த்தை நீண்டு, கூடவே கையும் நிதானமாகிவிடுகிறது. அதனால் நான் ஒன்றிலிருந்து பத்து வரைக்கும் போய்த் திரும்ப ஒன்றுக்கே வந்துவிடுகிறேன். இதை எந்தத் தமிழ் வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. எடுத்தவர்கள் தமிழில் எண்ணிக்கொண்டே அமுக்கிப் பார்த்தார்களா என்பதே சந்தேகம்.

உண்மையைச் சொன்னால், நமக்கு முதலுதவிப் பாடம் எடுத்தது சினிமாதான். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து, பாம்பு கடித்தால் ஹீரோ குனிந்து ரத்தத்தை உறிஞ்சித் துப்புவார். ஐம்பது வருஷமாகப் பெரிய திரையில் குளோசப்பில் ஓடிய பாடம், அதை அழிக்கிறது லேசு இல்லை. வலிப்பு தானாக நிற்பது, சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்தில் இடிக்கிற பொருளை நகர்த்திவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108.

பாம்பு விஷயத்தில் மட்டும் அம்மா ஒரு வீடியோவை முழுசாகப் பார்த்தார். வயல் சூழ்ந்த ஊர், கட்டுவிரியன் நடமாட்டம் உண்டு, ராத்திரி தரையில் படுத்திருப்பவரை அது கடித்தால் வலிகூடத் தெரியாமல் போகலாம். விடிந்ததும் வயிற்றுவலி, கண் இமை கீழே தொங்குவது என்று ஆரம்பிக்கும். அம்மாவுக்கு அந்த இமை தொங்குவதைக் காட்டிய காட்சிதான் பிடித்துக்கொண்டது, ‘எங்க பெரியம்மா மகனுக்கு இப்படித்தான் இருந்துச்சு, நாங்க தூக்கம்னு நினைச்சோம்’ என்றார். அடித்த பாம்பைக் கையோடு கொண்டுபோனால்தான் மருந்து கொடுப்பார்கள் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்து ஒரே மருந்துதான். அதைச் செய்ய விஷம் எடுத்துக் கொடுப்பவர்களில் முக்கியமானவர்கள் நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்கள். கட்டாதே, கீறாதே, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வண்டியேற்று, அவ்வளவுதான். அம்மா இப்போது தரையில் படுத்தாலும் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுத்தான் படுக்கிறார்.

பேரிடர் வீடியோக்களைப் பற்றி எனக்குத் தனியாக ஒரு கோபம் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது முடிச்சூரில் எங்கள் தெருவில் கரண்ட் போய், கூடவே சிக்னலும் போய்விட்டது. ‘வெள்ளத்தின்போது செய்ய வேண்டியவை’ என்று நான் சேமித்து வைத்திருந்த அத்தனையும் லிங்க்! வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. 2015-இல் வீட்டுப் பத்திரத்தையும் ரேஷன் கார்டையும் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, மேலே துணி போட்டு இஸ்திரி தேய்த்த ஆள் நான், எனக்கே அந்தப் புத்தி. இப்போது பத்திரம் ஜிப் கவரில் பரண்மேல் இருக்கிறது. பழைய தினசரிக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் மார்க்கரில் 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070, மாவட்டத்துக்கு 1077, கேஸ் கசிவுக்கு 1906 என்று எழுதிச் சமையலறையில் மாட்டியிருக்கிறேன். அட்டைக்குச் சார்ஜ் வேண்டாம்.

அதில் கடைசியாக எழுதிய எண் 14416. அது சித்திக்காக.

2018 நவம்பரில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது சித்தி வீட்டுத் தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில் சாய்ந்தது. அதிலிருந்து காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். தூங்காத நேரத்தில் போனைப் பார்ப்பார். ஒரு மனநல வீடியோ பார்த்தால் யூடியூப் அடுத்து பத்தைக் கொண்டுவந்து கொட்டும், ‘இந்த 7 அறிகுறி இருக்கிறதா, உஷார்’ என்கிற வகை. சித்திக்கு ஏழும் இருந்தது. அடுத்த வீடியோவில் வேறொரு நோய்க்கு ஒன்பது அறிகுறி, அதுவும் ஒன்பதும் இருந்தது. பொங்கலன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘என்னைக் கீழ்ப்பாக்கத்துல சேர்த்துடுவாங்களா தம்பி’ என்று கேட்டார். 1794-இலிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி. காமெடி சீனில் திட்டுகிற வார்த்தையாகத்தான் அதை நமக்குத் தெரியும். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவருக்கு அந்த மாதிரி வீடியோக்களை அதிகம் அனுப்பியவன் நான்தான்.

14416 என்பது டெலி மனஸ் என்கிற மனநல உதவி எண், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இதையெல்லாம் நான் விளக்கிக்கொண்டிருக்க, சித்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்திவிட்டு நானே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பதிவுசெய்த குரல் வந்தது, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது, சித்தி கிட்டே வந்து காதைக் கொடுத்தார். ஆள் பேச ஆரம்பித்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. திரும்பி வந்து, ‘அந்தப் பொண்ணு நல்லா பேசுச்சு’ என்றார், நானும் மேலே கேட்கவில்லை. இப்போது மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்க்கிறார். அந்த வீடியோக்கள் வந்தால் ‘ஆர்வமில்லை’யை அமுக்கு என்று சொல்லிக்கொடுத்தேன், அதை மட்டும் ரொம்ப ரசித்துச் செய்கிறார்.

பையன் கை ஆறிவிட்டது, மணிக்கட்டுக்கு மேலே லேசாக ஒரு வெளிர் தழும்பு.

குழுவில் நான் வீடியோ அனுப்புவதை நிறுத்திவிட்டேன். பதிலுக்கு, போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை கொடுத்தேன். தலையணையைத் தரையில் வைத்து, மண்டியிட்டு, இரண்டு நிமிடம் அமுக்கி, அதை வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று. அப்பா அனுப்பியதில் முப்பத்தேழு வரை எண்ணிவிட்டுத் தண்ணீர் கேட்கிறார். அக்கா மகள் அனுப்பியது பிரமாதம். சித்தப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, மடியில் தலையணையை வைத்து, சப்பாத்தி மாவு பிசைகிற மாதிரி மெதுவாக அமுக்குகிறார்.

அதற்குக் கீழே பதினோரு தம்ஸ் அப்.