சர்வருக்கு வாடகை உண்டு, பராமரிப்பவருக்கு?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் நடத்தும் சர்வரை, அதாவது இணையத்தில் எப்போதும் இயங்கும் வாடகைக் கணினியை, நம்பி இப்போது ஓர் ஆலய நிர்வாகம், ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம், மாலை டியூஷன் நடத்தும் ஆசிரியைகள் சிலர் இருக்கிறார்கள். கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட், இணைய வகுப்புக்கு ஜிட்சி. இரண்டும் கட்டற்ற மென்பொருள். உரிமக் கட்டணம் ஒரு சென் கூடக் கிடையாது. "மென்பொருள்தான் சும்மா கிடைக்கிறதே, பிறகு எதற்குத் தம்பி பணம்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

சர்வர் வாடகை மாதம் 80 ரிங்கிட். அது மட்டும் என்றால் நானே கட்டிவிடுவேன். கஷ்டம் நேரத்தில்தான். நெக்ஸ்ட்கிளவுடில் பெரிய பதிப்பு எதையும் தாண்டிப் போக முடியாது. ஒவ்வொன்றாகத்தான் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் முதலில் காப்புநகல், அடுத்து தரவுத்தள மாற்றம், அதன்பின் கூடுதல் வசதிக்காகச் சேர்த்த செருகுநிரல்களில் எது வேலை செய்யவில்லை என்று தேடுவது. டியூஷன் முடிந்து, ஆலயக் கணக்கர் கோப்பை மூடி, இரவு பதினொன்றுக்கு மேல்தான் இதில் கைவைக்க முடியும். பள்ளி விளையாட்டுப் போட்டி நடந்தால், எல்லாரும் வீடியோக்களை ஏற்றி அன்றே சர்வரின் சேமிப்பு வட்டை நிரப்பிவிடுகிறார்கள். காலையில் நான் ஈப்போவுக்கு வேலைக்குப் போகிறவன். ஒருவர் தூக்கத்தை விட்டு நடத்தும் சேவை, அவருக்கு உடம்பு முடியாமல் போகும் நாளில் நின்றுவிடும்.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். தகவலை மறையாக்கி அனுப்பும் இணையதளங்களில் பெரும்பகுதி, அந்த வேலையைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கட்டற்ற மென்பொருளை நம்பியிருந்தது. 2014-இல் அதிலிருந்த ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்படும்வரை அதற்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். முழுநேரம் உழைத்தவர் ஒரே ஒருவர். விஷயம் அம்பலமான பிறகுதான் பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் அறக்கட்டளை வழியாகப் பணம் போட்டன. 2024-இல், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளுக்குள், வெளியாள் ரகசியமாக நுழைய வழிவிடும் பின்கதவு புகுந்ததும், தனியாகப் பராமரித்துக் களைத்திருந்தவரிடம் உதவுவதாகச் சொல்லி ஒட்டிக்கொண்ட ஆளால்தான்.

விளம்பரம் போடலாமே என்கிறார்கள் சில நண்பர்கள். பிள்ளைகளின் கோப்புகள் இருக்கும் இடத்துக்குள் விளம்பரக்காரர்களை விடமாட்டேன். நன்கொடை கேட்கவும் எனக்கு இனி விருப்பமில்லை. அதை எனக்குத் தெளிவாக்கியவர் ஆலயப் பொருளாளர். கணக்குப் புத்தகத்தைத் திறந்து விரலால் தொட்டுக் காட்டினார்: "நன்கொடை என்றால் ஒவ்வொரு தடவையும் கூட்டத்தில் வைக்க வேண்டும். நீங்கள் பில் கொடுங்கள். இதோ, தண்ணீர், மின்சாரம் இருக்கும் இந்தப் பக்கத்தில் எழுதிக் கட்டிவிடுகிறேன்." பெரிய நிறுவனங்களிலும் இப்படித்தான். தானம் கொடுக்க அங்கே பெரும்பாலும் எளிய வழிமுறை இருக்காது. பில்லுக்குப் பணம் கட்ட எப்போதும் இருக்கும்.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. இதே ஊரில் பிறந்த மலேசிய இந்தியர் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன், ரப்பர் தோட்டங்கள் சிறு துண்டுகளாக விற்கப்பட்ட தோட்டத் துண்டாடல் காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்த தொழிலாளர்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. பணம் கட்டியவர் உறுப்பினர், கணக்குக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. எனக்கு வேண்டியதும் அந்த உறவுதான்.

ஆகவே ஜனவரி முதல் ஆலயத்துக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் மாதம் தலா 60 ரிங்கிட், ஆசிரியைகளுக்குத் தலா 10 ரிங்கிட். மாணவர்கள் எதுவும் கட்ட வேண்டாம். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவேன். வரவில் பத்தில் ஒரு பங்கு, இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற திட்டங்களுக்குப் போகும். வாடகை போக மீதி, இரவு வேலையை என்னோடு பகிர்ந்துகொள்ளும் இன்னொருவருக்கு. சுற்றியுள்ள தோட்டங்களைச் சேர்ந்தவராக இருந்தால் மிகவும் மகிழ்வேன். லினக்ஸ் கட்டளைகள் கொஞ்சம் பழகியிருந்தால் போதும், மற்றதை நான் கற்றுத் தருகிறேன்.