துரையின் கூண்டு

17-10-2024, வியாழன்

புதுச்சேரி குரும்பாப்பேட்டைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலிருந்து வீடு திரும்ப மதியம் இரண்டு மணியாகிவிட்டது. இரண்டு கண்களிலும் புரை முற்றிவிட்டது, உள்ளே விழித்திரையும் நலிந்திருக்கலாம், துரை போன்ற பதினேழு வயதான காக்டெயில் கிளியை மயக்கத்தில் கிடத்திக் கத்தி வைப்பது உசிதமில்லை என்று டாக்டர் சொன்னார். எடை 86 கிராம் இருந்தது. மார்பெலும்பு விரலில் இடிக்கிறது, 80-க்குக் கீழே இறங்க விடாதீர்கள் என்றார். இரவில் மேல் குச்சியிலிருந்து விழுகிறான் என்பதையும் சொன்னேன். குச்சியைத் தாழ்த்துங்கள், ஆனால் கூண்டுக்குள் எதையும் இடம் மாற்றாதீர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த நாயைக் கூப்பிட்டார். குச்சியும் கூண்டுக்குள்தானே இருக்கிறது? ஆட்டோவில் ஏறிய பிறகுதான் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது.

18-10-2024, வெள்ளி

ரியூனியன் தீவிலிருந்து அண்ணன் பேசினார். துரை விசில் அடிக்கிறானா என்று கேட்டார். அடிக்கிறான் என்றேன்.

20-10-2024, ஞாயிறு

காந்தி வீதிச் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு கூண்டுக் கடைக்குள் நுழைந்தேன். வயதான பறவைக்கு ஏற்றது என்று கடைக்காரர் காட்டியது கோபுரம்போல் உச்சி குவிந்த வட்டக் கூண்டு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. வட்டத்தில் மூலை கிடையாது. துரை இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை மூலையைத் தொட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். உச்சியில் கம்பிகள் நெருங்கிச் சேரும் இடத்தில் கால்விரல் சிக்கினால் என்ன செய்வது என்று கேட்டேன். அப்படியெல்லாம் ஆகாதும்மா என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய கூண்டே போதும். நீளம் 30 அங்குலம், அகலம் 18, உயரம் 30. நான்கு மூலைகள் இருக்கின்றன, பக்கவாட்டில் கம்பிகள் படுக்கையாக ஓடுவதால் அலகால் கவ்விக் கவ்வி ஏற முடிகிறது. அடித்தட்டின் மேலிருந்த கம்பி வலையை மட்டும் எடுத்துவிட்டேன். விழுந்தால் கால் வலைக்குள் போய்விடுகிறது.

23-10-2024, புதன்

மேல் குச்சியைக் கழற்றி எட்டு அங்குலம் கீழே மாட்டினேன்.

துரை வழக்கம்போல் இடது மூலையில் ஏறினான். பழைய குச்சி இருந்த உயரத்துக்கு வந்ததும் நின்றான். வலது காலை எடுத்து, குச்சி இருக்க வேண்டிய இடத்தில் நீட்டினான். இரண்டு விரல் முன்னும் இரண்டு விரல் பின்னுமாகப் பாதம் விரிந்தது, வெறுமனே மூடியது, மறுபடியும் விரிந்தது. காலை இழுத்துக்கொண்டு, கொண்டையைத் தலையோடு படிய வைத்துக்கொண்டு, கம்பியிலேயே தொங்கினான். சற்றுப் பொறுத்து மீண்டும் அதே காலை அதே இடத்தில் நீட்டினான். கீழே மாட்டிய குச்சி அவன் வால் நுனியைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவனுக்கு அது என்னவென்றே புரியவில்லை.

குச்சியைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டேன். ஏறி உட்கார்ந்து உடம்பை ஓர் உலுக்கு உலுக்கினான். இன்று ஒரு ரவிக்கைகூட முடியவில்லை.

24-10-2024, வியாழன்

விடியற்காலையில் விழுந்தான். 85 கிராம்.

27-10-2024, ஞாயிறு

தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய ரவிக்கைகள் கட்டில் முழுவதும் குவிந்து கிடக்கின்றன. ஒன்றின் கைக்கு உள்மடிப்பு தைத்துக்கொண்டிருந்தபோது, குச்சியைத் தாழ்த்த முடியாவிட்டால் தரையை உயர்த்தலாமே என்று தோன்றியது. அடிபடுவது குச்சிக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியால்தான். இடைவெளியை எந்தப் பக்கத்திலிருந்து குறைத்தால் என்ன? மேல் குச்சி தட்டிலிருந்து 22 அங்குலத்தில் இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும். அதற்குக் கீழே துணியால் ஒரு பரண் கட்டிவிட்டால் விழுவது துணியின் மேல்தான்.

எவ்வளவு கீழே கட்டுவது என்பதில்தான் காலை முழுவதும் போயிற்று. நான்கு அங்குலம் விட்டால் போதும் என்று முதலில் நினைத்தேன், ஆனால் காக்டெயிலின் உடம்பில் ஏறக்குறையப் பாதி வால், துரையின் வாலை இஞ்ச் டேப்பால் அளந்தால் ஆறு அங்குலம் வருகிறது, நான்கில் கட்டினால் உட்காரும்போதெல்லாம் வால் துணியில் மடங்கி இறகு உடையும். ஆகவே ஏழு அங்குலம் விட்டேன். 22 அங்குலத்திலிருந்து விழுந்தவன் இனி ஏழிலிருந்து விழுவான்.

அடித்துணிக்கு அப்பாவின் ஈசிசேர்த் துணியை வெட்டினேன், அது தொய்யாது. மேலே பழைய பனியன் துணி. துண்டு வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, துண்டின் நூல்வளையத்தில் நகம் மாட்டினால் பறவை கால் முறியும் வரை இழுக்கும். பிரிந்த நூல் ஒன்று விரலைச் சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும் என்பதால் பிசிறுகளையெல்லாம் உள்ளே மடித்து இரட்டைத் தையல் போட்டேன். கஞ்சி வாசனை போக இரண்டு முறை அலசிக் காய வைத்தேன். நாடாக்களைக் கம்பிக்கு வெளியே முடிந்தேன், உள்ளே முடிந்தால் அலகால் பிரித்துவிடுவான்.

கிண்ணங்கள் கீழே வலது முன்மூலையில் இருக்கின்றன, அங்கே இறங்க வழி வேண்டும். அந்த மூலையில் எட்டு அங்குலச் சதுரத்தை வெட்டிவிட்டேன். வெட்டிய விளிம்பு காலுக்குத் தெரிய வேண்டுமே! ரவிக்கைக் கழுத்துக்கு வைப்பதைப்போல, ஆனால் உள்ளே சுண்டுவிரல் தடிமனுக்குக் கயிறு கொடுத்து, பைப்பிங் வைத்துத் தைத்தேன். மாலையில் துரை பரணின் மேல் நடந்து வந்து பைப்பிங்கில் கால் வைத்தான், நின்றான், அலகால் கடித்துப் பார்த்தான், பிறகு கம்பியைப் பிடித்து இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்தான். நான் எழுந்து இன்னொரு காப்பி போட்டுக்கொண்டேன்.

31-10-2024, வியாழன், தீபாவளி

சன்னல்களை அடைத்து, கூண்டின் மூன்று பக்கங்களிலும் போர்வை தொங்கவிட்டு, ஆறு மணியிலிருந்து மிஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன். தைப்பதற்கு ஒன்றுமில்லை, ரவிக்கைகளை நேற்றே கொடுத்தாயிற்று, வெறும் கந்தலில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். பறவையின் கால்களில் அதிர்வை உணரும் நுண்ணுறுப்புகள் உண்டு. கூண்டின் தாங்கியும் மிஷினும் ஒரே பலகையின் மேல் நிற்பதால் மிஷின் ஓடுவது அவனுக்குக் கால் வழியாகவும் தெரியும். இத்தனை ஆண்டுகளாகத் தெரிந்த அதிர்வு அது. பத்தரை மணிக்குப் பின்தெருவில் ஒரு சரம் வெடித்தபோது மட்டும் சிறகடித்துக் கம்பியில் மோதி விழுந்தான். பரணின் மேல்தான் விழுந்தான். வாலிறகு ஒன்று முறிந்தது, இரத்தமில்லை.

1-11-2024, வெள்ளி

தெரு முழுவதும் வெடிப்புகை நிற்கிறது. சன்னலைத் திறக்கவில்லை.

6-11-2024, புதன்

தங்கை மகள் வந்திருந்தாள். விலங்கியல் படிக்கிறாள். கண் தெரியாதவனுக்கு எதற்குப் பெரியம்மா சாயங்காலம் ஆனால் போர்த்துவதும் காலையில் எடுப்பதும் என்று முதலில் சிரித்தவள், பிறகு அவளே அதற்கான காரணத்தையும் சொன்னாள். பறவைகளின் மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றனவாம், மண்டையோடு மெல்லியதாக இருப்பதால் வெளிச்சம் அதை ஊடுருவிப் போய்விடுகிறதாம். 1968-இல் மைக்கேல் மெனேக்கர் என்பவர் கண்களை நீக்கிய சிட்டுக்குருவிகளை வைத்துச் சோதித்தபோது, அவை பகலையும் இரவையும் சரியாகவே பின்பற்றின. தலையிறகைப் பிடுங்கியபோது இன்னும் மங்கலான ஒளியையும் உணர்ந்தன, தலைத் தோலுக்கடியில் கறுப்பு மையைச் செலுத்தியபோது அந்த உணர்வு மறைந்தது. கேட்கக் கேட்க எனக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரம்தான் வந்தது. ஆனாலும் அவள் போன பிறகு கூண்டின் மேல்மூடியிலிருந்த அட்டையை எடுத்துவிட்டேன், காலை வெளிச்சம் தலையில் நேராக விழட்டும்.

ஆறு மணிக்குப் போர்வையை எடுப்பது, மாலை ஏழுக்குப் போடுவது. இனி நேரம் மாறக் கூடாது.

12-11-2024, செவ்வாய்

84.

17-11-2024, ஞாயிறு

எடை ஏன் குறைகிறது என்று கிண்ணத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். தினையின் உமி மேலே நிரம்பியிருப்பதால் கிண்ணம் நிறைந்திருப்பதாகத் தோன்றுகிறது, உள்ளே மணி இல்லை. பார்வையுள்ள நாளில் கிளறிப் பார்ப்பான், இப்போது அலகில் உமி பட்டதும் திரும்பிவிடுகிறான். காலையும் மாலையும் உமியை ஊதிவிட வேண்டும். அதோடு தண்ணீரை எவர்சில்வர் கிண்ணத்திலும் தீனியைப் பீங்கானிலும் வைத்திருக்கிறேன், அலகால் தட்டினால் இரண்டும் வேறு வேறு சத்தம் தருகின்றன. ஏதாவது ஒன்றைத் தட்டிவிட்டு, வேண்டியது அதுவல்ல என்றால் பக்கத்துக்கு நகர்கிறான். தண்ணீர் ஓர் அங்குல ஆழத்துக்கு மேல் வைப்பதில்லை. வெறும் தானியத்தில் உயிர்ச்சத்து ஏ போதாது என்பதால் முருங்கைக்கீரைக் காம்பைத் தீனிக் கிண்ணத்துக்கு மேலேயே செருகுகிறேன், நடக்கும்போது தலையில் இடித்தால் கடிக்கிறான்.

மாடி வீட்டு அக்கா இறங்கி வந்து, கொசு பிடுங்குகிறது, ஒரு சுருளாவது கொளுத்தக் கூடாதா என்றார். பறவைக்கு நுரையீரலோடு காற்றுப்பைகளும் இருக்கின்றன அக்கா, புகை உடம்பெல்லாம் போய்விடும் என்றேன். கூண்டுக்குக் கொசுவலை தைத்துப் போட்டிருப்பதைக் காட்டினேன். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியையும், ஒட்டாத தோசைக்கல்லையும் விட்டாயிற்று. அந்தப் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் வரும் ஆவி ஒரு சிறு பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இப்படி வளர்ப்பது சட்டப்படி குற்றமில்லையா என்று அடுத்ததாகக் கேட்டார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காப்பது நம்மூர்ப் பச்சைக்கிளியை, இவன் பூர்வீகம் ஆஸ்திரேலியா என்றேன். அவர் வீட்டு வாசலில் யார் போனாலும் இரண்டு நாள் ஆராய்வார், என் துரையை மட்டும் விட்டுவிடுவாரா?

24-11-2024, ஞாயிறு

அண்ணன் வீடியோவில் வந்தார். கைப்பேசியைக் கூண்டருகே பிடித்தேன். அவர் விசில் அடித்ததும் துரை கொண்டையை உயர்த்தி அதே மெட்டைத் திருப்பி அடித்தான். என்னைப் பார்க்காமல் ஏன் அந்தப் பக்கம் திரும்புகிறான் என்று அண்ணன் கேட்டார். வயதாகிவிட்டதல்லவா என்றேன்.

30-11-2024, சனி

நேற்றிலிருந்து விடாமல் மழை பெய்கிறது. மின்சாரம் இல்லை. கண்ணாடிப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிக் கூண்டின் இடப்பக்கத்துக்கு வெளியே கட்டியிருக்கிறேன், சூடு வேண்டாமென்றால் வலப்பக்கம் நகர்ந்துகொள்ளலாம். அவன் நகரவில்லை. புயல் இரவு கரையைக் கடக்கும் என்கிறார்கள்.

1-12-2024, ஞாயிறு

கரையைக் கடந்த ஃபெஞ்சல் நகராமல் நம் தலைக்கு மேலேயே நின்றுகொண்டது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் அதிகமான மழை. ரெயின்போ நகரில் தண்ணீர் வீட்டுக்குள் வருவது புதிதல்ல, ஆனால் அதிகாலை நான்கு மணிக்கு மிஷினின் மிதிபலகை வரை ஏறியது இதுவே முதல்முறை. மாடி வீட்டு அக்காவின் மகன் கூண்டைத் தூக்க வந்தார். தம்பி, எந்தப் பக்கம் முன்பக்கமோ அதே பக்கம் முன்னால் இருக்கட்டும், சாய்க்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே டார்ச்சுடன் முன்னே ஏறினேன். படி குறுகல், திருப்பத்தில் சாய்க்கத்தான் வேண்டியிருந்தது. துரை இரண்டு முறை பரணில் விழுந்தான், இரண்டு முறையும் எழுந்து குச்சிக்கு ஏறினான். கிண்ணங்களை நாடாவால் கட்டியிருந்ததால் இடம் மாறவில்லை.

2-12-2024, திங்கள்

மாடியில் இருக்கிறோம். கூண்டுக்குள் அவனுக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை, இறங்கித் தண்ணீர் குடிக்கிறான், மூலையைத் தொடுகிறான், ஏறுகிறான். ஆனாலும் கத்துகிறான். காக்டெயில் தன் கூட்டத்தைத் தேடும்போது கத்தும் நீண்ட கத்தல் அது, நான் பக்கத்தில் உட்கார்ந்து பெயரைச் சொன்னாலும் அடங்கவில்லை. பேச்சுக்குரலை அவன் தேடவில்லை என்று நினைக்கிறேன். மிஷின் கீழே தண்ணீரில் நிற்கிறது. மாலையில் கத்தரிக்கோலின் பிடியால் கூண்டின் தாங்கியில் மிஷின் ஓடும் வேகத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் குறைந்தது. அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை, பாலை ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

கடலூர்ப் பக்கம் தென்பெண்ணையில் வெள்ளம் என்று சொல்கிறார்கள். தங்கை வீட்டுக்குப் போன் போகவில்லை.

3-12-2024, செவ்வாய்

81 கிராம். தங்கை பேசினாள், நலம்.

6-12-2024, வெள்ளி

கீழே வந்துவிட்டோம். தரையைக் கழுவி, பலகையை வெயிலில் காய வைத்து, சுவரில் பென்சிலால் குறித்திருந்த கோட்டுக்கு நேராகக் கூண்டை நிறுத்தினேன். மிஷினின் பெல்ட் ஊறிப்போயிருக்கிறது, மெக்கானிக் நாளை வருவதாகச் சொன்னார்.

7-12-2024, சனி

மெக்கானிக் வரவில்லை.

9-12-2024, திங்கள்

புது பெல்ட் போட்டாயிற்று. ஓட்டிய முதல் நிமிடமே அலகை அரைக்கத் தொடங்கினான். தூங்கப் போகும் நிம்மதியில் அவை செய்வது அது, அரிசி களைவதுபோல் ஒரு சத்தம்.

13-12-2024, வெள்ளி, கார்த்திகை தீபம்

விளக்குகளை வாசலோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது பரணும் தைத்து முடிந்தது, ஒன்று துவைக்கப் போனால் மற்றொன்று மாட்டலாம். முதல் பரணை மாதிரியாக வைத்துக் கத்தரித்தும் கால் அங்குலம் நீளம் கூடிவிட்டது, பிரித்துத் தைத்தேன். அவனுக்குக் கால் அங்குலம் தெரியும்.

18-12-2024, புதன்

83 கிராம். நகம் வளர்ந்து வளைந்திருக்கிறது, மெத்தென்ற துணியில் நடப்பதால் தேய்வதில்லை. கிண்ணத்துக்குப் பக்கத்தில் பட்டையோடு ஒரு கொய்யாக் கிளையைக் கட்டினால் தேயுமா என்று பார்க்க வேண்டும், வெந்நீரில் கழுவிக் காய வைத்திருக்கிறேன், முதலில் கூண்டுக்கு வெளியே அலகுக்கு எட்டும்படி இரண்டு நாள் கிடக்கட்டும்.

அண்ணன் பொங்கலுக்கு வருகிறாராம், டிக்கெட் எடுத்துவிட்டார். பத்து நாள் இங்கேதான் தங்குவார். இந்த அறையில்தான் கட்டில் போட முடியும், கட்டில் போட வேண்டுமானால் மிஷினையும் கூண்டையும் எதிர்ச்சுவருக்கு நகர்த்த வேண்டும். நகர்த்த முடியாது என்பதற்கு அவரிடம் என்ன காரணம் சொல்வது?